கடலைப் படிக்க விரும்பும் மகளும் அடகுக்குப் போகவிருக்கும் வீடும்

மதிப்பிற்குரிய அம்மா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த உங்கள் கடிதத்தில், பதினோராம் வகுப்பு படிக்கும் மகளைப் பற்றி நான்கு வரிகளும், அவள் மருத்துவராகியே தீர வேண்டும் என்னும் மாமாவைப் பற்றி இரண்டு பக்கங்களும் இருந்தன. உங்கள் கலக்கம் புரிகிறது. ஆயினும், இங்கே இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனைக்கு என்னால் தலையாட்ட முடியாது. படித்துத் திரும்புபவர் இங்கே தொழில் செய்யுமுன் மருத்துவ மன்றத்தின் தேர்வில் தேற வேண்டும்; வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது. தவணையில் பங்கேற்பதாக மாமா சொன்னதாகவும் நீங்கள் எழுதவில்லை.

பொறியியல், கணக்கியல் பற்றி உறவினர்கள் போதிய அளவு பேசியிருப்பார்கள். ஜூன், ஜூலையில் சார்டைன் (மத்தி மீன்) கூட்டம் கரையோரம் வரும்போது, அவள் கரைவலை இழுப்பவர்களிடையே நின்று மீன்களை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறாள் என்பதை ஒரு குறையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கடற்சூழலியல் ஆய்வாளரின் அன்றாட வேலையே அதுதான்.

அந்த வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1964இல் ஆப்பிரிக்காவின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, நம் நாட்டின் தென்கரையிலுள்ள சிட்சிகாமா, 2009 முதல் கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் பகுதியாக இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் வாழும் ரோமன் என்னும் மீன் பெண்ணாக முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுகிறது. ஆகவே தூண்டில்காரர்கள் பெரிய மீன்களையே எடுத்துக்கொண்டே போனால், முதலில் குறைவது ஆண்மீன்களே. பூங்காவின் உள்ளும் புறமும் மீன்களைப் பிடித்து, அளந்து, அடையாளச் சீட்டு குத்தி மீண்டும் கடலில் விடுவதும், இரை கட்டிய ஒளிப்படக் கருவியைப் பாறைமீது இறக்கி அதன் பதிவைப் பொறுமையாக எண்ணுவதும் ஆய்வாளர்களின் பணி. ஒரு நாள் கடலில் என்றால் பல நாள் கணினி முன்னால் என்பதை அவளிடம் மறைக்க வேண்டாம். 2016இல் பூங்காவின் சில பகுதிகளில் உள்ளூர் மக்களுக்குத் தூண்டில் மீன்பிடிப்பு அனுமதிக்கப்பட்டபின், பெரிய மீன் போனால் ஆண்மீன் குறையும் என்ற அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீனவர்களுக்கும் விளக்கும் கல்விப் பணியும் கனமாகிவிட்டது.

மீன் பிடிப்பதற்கு ஒரு பட்டமா என்று கேட்கும் மாமாவுக்கு, ஒப்பந்தக் கூலி முடித்த நம்மவர் பலர் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் மீன்பிடித்தே குடும்பம் வளர்த்தார்கள் என்பதை நினைவூட்டுங்கள்.

வழி நீண்டது: மூன்றாண்டு அறிவியல் பட்டம், ஓராண்டு ஆனர்ஸ் என்னும் மேற்படிப்பு, அதன்மேல் முதுகலை. களப்பணியை மட்டும் விரும்பினால், நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வளாகத்தில் இயற்கைப் பாதுகாப்புப் படிப்பு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மருத்துவத்துக்கு அந்த உதவி கிடையாது. தொடக்க ஆண்டுகளில் குறுகிய கால ஒப்பந்த வேலைகளே அதிகம் கிடைக்கும், சம்பளமும் மருத்துவருக்கு ஈடாகாது. அதை ஏற்க முடியுமா என்று மாமாவிடம் கேட்காதீர்கள், மகளிடம் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணிதம் கடினம் என்று, அன்றாடக் கணக்குகளை மட்டும் கற்பிக்கும் கணித எழுத்தறிவுப் பாடத்துக்கு மாற அவளை அனுமதிக்காதீர்கள்; மாறினால் அறிவியல் பட்டத்தின் கதவு அங்கேயே அடைபடும். அடகுப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், அவளை அந்தக் குறிப்பேட்டுடன் என்னிடம் அனுப்புங்கள்.