சரிவில் நின்ற மரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணரிப்பைத் தடுப்பதற்காக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மலைச்சரிவில் நட்ட பைன் மரங்களில் ஒரு பகுதியை அண்மையில் வெட்டினார்கள். அறுத்த பலகைகள் ஒரே மாதத்தில் வில்லாக வளைந்துவிட்டன. கணுக்கள் ஏராளம், சிலவற்றில் நீலக்கறையும் இருக்கிறது. பெட்டியடிக்கத்தான் ஆகும் என்கிறார்கள். உயரத்தில் மெதுவாக வளர்ந்த மரம் உறுதியாக இருக்க வேண்டாமா? பைன் என்றாலே மட்டமான மரம்தானா? அங்கே மறுபடி எதை நட்டால் நல்ல பலகை கிடைக்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் ஒரு பைன் மரத்துண்டு இருந்தது. இளவயதில் எனக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதிய தச்சர் ஒருவர் தந்த குறுக்குவெட்டுத் துண்டு அது. அதன் வளையங்கள் வட்டமாக இல்லை. மையம் ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அங்கிருந்து ஒரு பக்கம் இரண்டு விரல் அகலம், மறுபக்கம் ஒரு சாண். அதைப் பார்த்து, கெட்டுப்போன மரம் என்று நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அகன்ற பக்கத்து வளையங்களில் செம்பழுப்பாகத் தெரிந்த பகுதியைத் தொட்டுக்காட்டி, “இந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றது தம்பி, விழாமல் இருக்க அது பட்ட பாடு இது” என்றார். ‘மட்டமான மரம்’ என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரிவில் வளரும் இளங்கன்றை நகரும் மண்ணும், பனி பெய்யும் மலைகளில் வழுக்கி இறங்கும் பனியும் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. சாய்ந்த ஊசியிலை மரம் தன் கீழ்ப்பக்கத்தில் தடித்த சுவருள்ள செல்களை அடுக்கி, தண்டை மெல்ல மேலே தள்ளி நிமிர்த்திக்கொள்கிறது. அகன்ற இலை மரங்கள் இதே வேலையை மேல்பக்கத்திலிருந்து இழுத்துச் செய்கின்றன. ஊசியிலை மரம் உண்டாக்கும் இந்தக் கட்டையை அழுத்தமரம் என்பார்கள். செல்சுவரை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம். எடை கூடியிருந்தாலும் சட்டென முறியும். சாதாரண மரம் காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். அழுத்தமரமோ 1 சதவீதத்துக்கு மேலும் சுருங்கக்கூடும். மூன்று மீட்டர் பலகையின் ஒரு விளிம்பு 3 மில்லிமீட்டரும் மறு விளிம்பு 3 சென்டிமீட்டரும் சுருங்க முயன்றால் பலகை வளையாமல் என்ன செய்யும்? நீங்கள் கண்ட வில் பெரும்பாலும் இதுதான். அதிகக் கட்டை கிடைக்கும் அடிமரத்திலேயே இது மிகுதியாக இருப்பதால் அறுப்பவருக்கு இழப்பும் அதிகம். அந்த வருத்தம் நியாயமானது.

ஆனால் மண்ணைப் பிடிப்பதற்காக நட்ட மரத்திடம் பலகைக் கணக்குக் கேட்பது நியாயமா? பிரான்சில் 1860, 1882 ஆண்டுகளின் மலைச் சட்டங்களுக்குப் பின் தெற்கு ஆல்ப்ஸின் அரித்துப்போன சுண்ணாம்புக் களிமண் சரிவுகளில் ஆஸ்திரியக் கருப்பு பைனைப் பெருமளவில் நட்டார்கள். காட்டாறுகளின் வெறியை அடக்குவதே நோக்கம். வறண்ட, சத்தற்ற மண்ணிலும் நிற்கும் என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், அது நின்றது. கணு மிகுந்த அந்த மரமும் பெரும்பாலும் காகிதக்கூழுக்கும் சரக்குத் தட்டுகளுக்கும்தான் போயிற்று.

கணுக்களுக்கு மரத்தைக் குறை சொல்லாதீர்கள். நெருக்கி நட்டுவிட்டு, உரிய காலத்தில் இடையிடையே சில மரங்களை வெட்டிக் கலைத்துவிடாமலும் கிளை கழிக்காமலும் ஐம்பது ஆண்டுகள் திரும்பிப் பார்க்காதவர்களைச் சொல்லுங்கள். நிழலில் செத்த கிளைகளைப் பல பைன் வகைகள் எளிதில் உதிர்ப்பதில்லை. செத்த கிளையைச் சுற்றி வளரும் மரம் அதோடு ஒட்டாது. பலகையில் அந்தக் கணு கழன்று விழுந்து ஓட்டையாகிவிடும். தண்டு மெலிதாக இருக்கும்போதே கிளை கழித்திருந்தால் கணுக்கள் நடுப்பகுதியோடு நின்றிருக்கும். மையத்தை ஒட்டிய முதல் பத்து இருபது வளையங்கள் எந்தப் பைனிலும் இளமரம்தான், அதாவது மரம் தன் இளவயதில் உண்டாக்கிய கட்டை, அதுவும் வளையும். உங்கள் மரங்களுக்கு ஐம்பது வயது என்பதால் வெளிவளையங்களில் முதிர்ந்த மரம் இருக்கும். அதைத் தனியே அறுத்துத் தரச் சொல்லிக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

நீலக்கறை வெறும் பூஞ்சை நிறம். உறுதியை அது பெரிதாகக் குறைப்பதில்லை. வளையம் நெருக்கமாக இருந்தாலே உறுதி என்பதும் சரியல்ல. கோடையின் கடைசியில் ஒவ்வொரு வளையத்திலும் உருவாகும் கருத்த கோடுதான் பைனுக்கு உறுதி தருகிறது. கோடை குறுகிக் குளிர்ந்த உயரங்களில் அது முழுமையாகத் தடிப்பதில்லை.

மறுபடி எதை நடுவது என்று கேட்டிருந்தீர்கள். நிற்கும் மரங்களின் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். பைன் தேற்றிக்கொடுத்த மண்ணில் அகன்ற இலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கக்கூடும். மீதி மரங்களை மொத்தமாக வெட்டவிடாதீர்கள். வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மட்கிவிடும். புதுக்கன்றின் வேர் அதற்குள் மண்ணைப் பிடித்திருக்காது. இன்னொரு வேலையும் இருக்கிறது. வெட்டிய அடிக்கட்டைகளில் வளையங்களின் மையம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.