லுக்லாவில் இறங்க எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறான். நேபாளத்தில் லுக்லா என்று ஒரு மலை விமான நிலையமாம். அங்கே மட்டும் இறக்கவே முடியவில்லை, ஒன்று ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுகிறது, இல்லை மலையில் மோதுகிறது என்கிறான். கீபோர்டில் ஓட்டுவதுதான் காரணம் என்று சொல்லி, யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடிச் சக்கரம்), ரடர் பெடல் (மூக்கை இடவலமாகத் திருப்பும் கால்மிதி), த்ராட்டில் (எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) எல்லாம் சேர்த்து அரை லட்சத்துக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகி, திருநகர்

பதில்: இப்போதைக்கு அந்த செட் வேண்டாம்.

கீபோர்டைப் பற்றி உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கீயை அழுத்தினால் விமானம் வெடுக்கென்று திரும்பும், விட்டால் நின்றுவிடும். கடைசி நேரத்தில் நூலளவு திருத்த அதில் வழியில்லை. ஆனால் பெரிய காரணம் லுக்லாவேதான். அந்த ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். நம் மதுரை ஓடுபாதை 2,285 மீட்டர், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். போதாததற்கு லுக்லா ஓடுபாதை 11.7 சதவீதச் சரிவில் ஏறிக்கொண்டே போகிறது. கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் சுமார் 60 மீட்டர் வித்தியாசம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைவிட அது அதிகம். இப்படி ஏறுமுகமான பாதையை எதிரே பார்க்கும்போது, நாம் தேவைக்கு மேல் உயரத்தில் வருவதாகக் கண் நம்பிவிடும். கையும் தானாக விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும். பாதைக்கு முன்னாலேயே விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

மலையில் மோதுவது வேறு கதை. லுக்லா 9,334 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வேகமானி 65 நாட் (விமான வேகத்தின் அளவு) காட்டும்போது விமானம் உண்மையில் 75 நாட்டில் போய்க்கொண்டிருக்கும். செஸ்னா 172 போன்ற சின்ன விமானமென்றால் எஞ்சினின் பலமும் குறைந்திருக்கும். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் கலவையை, அதாவது மிக்ஸ்சரைக் குறைக்காமல் அப்படியே விட்டிருந்தால் இன்னும் மோசம். மதுரையில் சரியாக வரவில்லையென்றால் மேலே தூக்கி ஒரு சுற்று சுற்றி வரலாம். லுக்லாவில் கடைசி நேரத்தில் அது நடக்காது, ஓடுபாதை முடிகிற இடத்தில் மலை நிற்கிறது. இறங்குவதா திரும்புவதா என்பதை, பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அரை லட்சம் கொடுத்து வாங்கும் யோக் இந்த முடிவை எடுத்துத் தராது.

ஒரு மாதம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் மதுரையில், ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஓடுபாதையின் ஒரே இடத்தில் சக்கரம் தொடும்வரை இறக்கிப் பழகட்டும். பிறகு நாகமலையைத் தாண்டி மேற்கே தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, இரு பக்கமும் மலை இருக்கையில் உயரம் இழக்காமல் திரும்பி வரட்டும். நம் ஊர் மலைகளை மேலிருந்து பார்ப்பது தனிச் சுகம், அதையும் அனுபவிக்கட்டும். அடுத்தது லடாக்கின் லே விமான நிலையம். 10,682 அடியில் இருந்தாலும் ஓடுபாதை நீளமானது, மெல்லிய காற்றில் விமானம் எப்படி மிதந்துகொண்டே போகிறது என்பது அங்கே புரிந்துவிடும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும், 'ஃபோன்' என்று பெயர் கொண்ட மலைக்காற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். பூட்டானின் பாரோவில் மேகமில்லாத பகலில், மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து, ஓடுபாதை தெரிந்த கொஞ்ச நேரத்திலேயே இறக்க வேண்டும். லுக்லா இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுங்கள். கைப்பிடியை முறுக்கினால் ரடர் வேலை செய்ய வேண்டும், அடியில் த்ராட்டிலுக்கு ஒரு நெம்புகோல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ளதே போதும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டிலும் இவை உண்டு. இரண்டாவதன் கைப்பிடியில் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் இருப்பதால் தேய்மானம் குறைவு. யோக் இல்லாவிட்டால் நிஜம்போல் இருக்காது என்று உங்கள் மகன் சொன்னால், பாரோவுக்குப் போகும் பூட்டான் விமான நிறுவனமான ட்ரூக்ஏரின் ஏர்பஸ் ஏ319-ஐ நினைவுபடுத்துங்கள். அதன் விமானி அறையில் யோக்கே கிடையாது, பக்கத்தில் ஜாய்ஸ்டிக் மாதிரி ஒரு கைப்பிடிதான்.

இன்னொன்று. லுக்லா, பாரோ, இன்ஸ்புரூக் மூன்றும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இன் சாதாரணப் பதிப்பிலேயே தனிக் கவனத்துடன் செய்யப்பட்டவை. அவற்றுக்காக விலை கூடிய டீலக்ஸ் பதிப்பு வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் இன்டர்நெட் வேகம் சுமார்தான். எந்த சிமுலேட்டர் வாங்குவது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பு நிலக்காட்சிகளை ஓட்ட ஓட்ட இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச வேகம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 50. ரேமும் குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32. லைன் அடிக்கடி விழும் வீட்டில் இதை வாங்கினால், பாரோ பள்ளத்தாக்கில் திரும்பும் நேரத்தில் எதிரே இருக்கும் மலை மொழுக்கென்று தெரியும். மலை விமான நிலையத்துக்கு அது உதவாது. உங்களுக்கு எக்ஸ்-பிளேன் 12 பொருந்தும். வேண்டிய கண்டத்தின் நிலக்காட்சியை மட்டும் ஒருமுறை டவுன்லோடு செய்துகொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். இலவச டெமோவும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று அதில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம். காட்சி எளிமையாக இருக்கும், ஆனால் பழக அது போதும்.

ஸ்டீமில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால்தான் அவர்களின் வழக்கமான விதிப்படி பணம் திரும்பும். 2020 பதிப்பு வந்தபோது, சிமுலேட்டரைத் திறந்த பிறகே பெரிய டவுன்லோடு தொடங்கியது. அந்த நேரமும் ஓட்டிய நேரமாகக் கணக்கானது. மெதுவான லைன் உள்ளவர்களுக்கு, ஒருமுறைகூடப் பறப்பதற்குள் அந்த 2 மணி நேரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஜாய்ஸ்டிக் ஒன்றரை மாதத்தில் தானாக இடப்பக்கம் இழுக்கிறது. 7 நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் விற்றவர்.
– வாசகர், மேலூர்

பதில்: ரிட்டர்ன் காலம் வேறு, வாரண்டி வேறு. முதலில் விண்டோஸில் காலிபரேஷன் (ஜாய்ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிசெய்தல்) செய்து பாருங்கள். சிமுலேட்டர் செட்டிங்கில் டெட் ஸோனை (கைப்பிடி லேசாக அசைந்தாலும் கணக்கில் எடுக்காத நடுப்பகுதி) கொஞ்சம் கூட்டியும் பாருங்கள். சின்ன இழுப்பு என்றால் அதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால், கை வைக்காமலே திரையில் புள்ளி நகர்வதை, ஜாய்ஸ்டிக்கின் சீரியல் எண்ணும் தெரியும்படி வீடியோ எடுத்து, பில்லுடன் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கும் விற்றவருக்கும் மெயில் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசாதீர்கள், பின்னால் ஆதாரம் இருக்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

அதற்கும் மசியாவிட்டால் 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கடைசி வழி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஜாய்ஸ்டிக்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: 'இறக்குமதிப் பொருள், இந்திய வாரண்டி இல்லை' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விலை குறைவாக இருப்பதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

கேள்வி: வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய மணி நேரம் பைலட் லைசென்ஸுக்குக் கணக்காகுமா? ஒரு பயிற்சி மையத்தில் ஆகும் என்கிறார்கள்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஆகாது. வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கப்படும் 200 மணி நேரப் பறத்தலில், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டியதை ஒரு நிமிடம்கூடச் சேர்க்க முடியாது. ஆகும் என்று சொன்னவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கட்டாதீர்கள்.