மூன்று பேர் சென்ற பைக்: இழப்பீட்டை மறுக்க முடியுமா?

கேள்வி: இளநீர் வியாபாரம் செய்துவந்த என் கணவர், நண்பர்கள் இருவரைப் பின்னால் அமர்த்தி பைக் ஓட்டிச் சென்றபோது, பின்னால் வந்த மினி லாரி மோதியதில் இறந்துவிட்டார். விபத்து நடந்து நான்கு மாதமாகிறது. பைக்கில் மூவர் சென்றது, லாரி ஓட்டுநரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் மட்டுமே இருந்தது, கணவருக்கு வருமானச் சான்று இல்லாதது ஆகியவற்றைக் காரணம் காட்டி, நான்கு லட்சத்துக்கு மேல் கிடைக்காது என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. பள்ளிச் சான்றிதழின்படி அவருக்கு வயது 38. ஆதாரில் 41 என்று இருக்கிறது. நானும் இரண்டு குழந்தைகளும் மாமியாரும் அவரை நம்பியே இருந்தோம். என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டிவனம்

பதில்: சமரசப் பத்திரம் எதிலும் இப்போது கையெழுத்திடாதீர்கள். லோக் அதாலத்தில் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொண்டால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது.

இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வது சட்ட மீறல்தான். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் தீவிரத்துக்கோ காரணமாக இருந்தது என்று நிரூபிக்காமல், மூவர் சென்றார்கள் என்பதற்காக மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று முகமது சித்திக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கிலும் மூவர் சென்ற பைக்கின் மீது கார் பின்னாலிருந்துதான் மோதியது. இறந்தவர் அங்கே பின்னால் அமர்ந்திருந்தவர், உங்கள் கணவரோ ஓட்டியவர் என்பதால், அவர் தடுமாறி ஓட்டினார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆகவே முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை மூன்றின் நகல்களையும் காவல் நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள். பைக்கின் பின்பக்க மட்கார்டும் விளக்கும் நொறுங்கியிருந்ததாக ஆய்வாளர் குறித்திருந்தால், அந்த ஒரு வரி பல சாட்சிகளுக்குச் சமம்.

லைசென்ஸ் வாதத்துக்கு இப்போது வலு இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை கார் போன்றவற்றுக்கான இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. லாரியின் பதிவுச் சான்றில் எடையைப் பாருங்கள். எடை கூடுதலாக இருந்தாலும், முதலில் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவிட, உச்ச நீதிமன்றத்தின் 2004-ம் ஆண்டு ஸ்வரண் சிங் தீர்ப்பு வழிகாட்டுகிறது.

வருமானச் சான்று இல்லாத காய்கறி வியாபாரி ஒருவருக்கு, 2008-ல் நடந்த விபத்துக்கு, மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது (சையத் சாதிக் வழக்கு, 2014). உங்கள் கணவருக்கு இளநீர் இறக்கிக் கொடுத்த மொத்த வியாபாரியைச் சாட்சியாக அழையுங்கள். கணக்கு நோட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது வயதில்தான். பேச்சுக்கு, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் மாத வருமானம் 12,000 என்று எடுத்துக்கொள்வதாக வைப்போம். பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017), 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 16,800. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவரது சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200, 38 வயதுக்கான பெருக்கு எண் (ஆண்டுத் தொகையை வயதுக்கேற்பப் பெருக்கும் எண்) 15 என்பதால் 22,68,000 ரூபாய். ஆதாரின்படி 41 என்று கொண்டால் உயர்வு 25 சதவீதமாகவும் பெருக்கு எண் 14 ஆகவும் குறைந்து, தொகை 18,90,000 ஆகிவிடும். ஆதார் பிறந்த தேதிக்கான சான்றல்ல என்று, பள்ளிச் சான்றிதழின் அடிப்படையில் வயதைத் தீர்மானித்து 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், பள்ளிச் சான்றிதழின் அசலையே தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர்கள் சிலர் பழக்கத்தில் ஆதார் நகலை முதலில் இணைத்துவிடுகிறார்கள். நீங்களே நினைவூட்டுவது நல்லது. துணையை இழந்ததற்கும், ஈமச்சடங்குச் செலவுக்கும் தனித் தொகைகள் உண்டு. குழந்தைகளின் பங்கு, பெரும்பாலும் அவர்கள் 18 வயதை அடையும்வரை வங்கியில் வைப்புத்தொகையாக வைக்கப்படும்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின் கீழ், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். திருத்தப்பட்ட சட்டம் விபத்து நாளிலிருந்து ஆறு மாத அவகாசமே தருகிறது. ஆவணம் ஏதும் வந்து சேராவிட்டாலும், மனுவை இந்த மாதமே தாக்கல் செய்துவிடுங்கள்.