சும்மா நின்றவருக்கு எதற்குச் சம்பளம்?

கேள்வி: டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்துக் குழு 40 வருடத்துக்கு மேல் பட்டனை அமுக்கியே பேர் வாங்கிவிட்டது. அதிலும் ஆண்டி ஃபிளெட்சர் என்பவர் மேடையில் சும்மா நின்று கைதட்டிக்கொண்டிருப்பாராம். அவருக்கு எதற்குச் சம்பளம்? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சம்பளம் என்று கேட்டீர்களே, அந்த இடத்திலேயே உங்களைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் சம்பளம், கணக்கு, யாரோடு என்ன பேச்சு என்பதையெல்லாம் பல வருடம் கவனித்துக்கொண்டவரே நீங்கள் சொல்கிற ஃபிளெட்சர்தான். முழுநேர மேனேஜர் இல்லாமலே அவர்கள் உலகம் சுற்றினார்கள். அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனி மியூட், அதை நடத்திய டேனியல் மில்லரோடு எழுத்தில் ஒப்பந்தம்கூட இல்லை, லாபத்தில் பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சோடு சரி. இப்படிப்பட்ட ஏற்பாடு வருடக்கணக்கில் சண்டையில்லாமல் ஓடவேண்டும் என்றால் தினமும் போன் எடுத்துப் பேசுகிற ஒரு ஆள் வேண்டுமா வேண்டாமா? கல்யாண வீட்டில் உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்பவர் பந்தியில் பரிமாறவில்லை என்று யாராவது சண்டைக்குப் போவார்களா?

எசெக்ஸில் பேசில்டன் என்கிற புதுநகரத்துப் பையன்கள் இவர்கள். 1980-ல் குழு ஆரம்பித்த காலத்தில் மார்ட்டின் கோர் பேங்கில் வேலை பார்த்தார், ஃபிளெட்சர் இன்ஷூரன்ஸ் ஆபீசில். பாட்டு எழுதியது பெரும்பாலும் வின்ஸ் கிளார்க். 1981-ல் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' ஆல்பம் வந்து, 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் போன அதே வருடக் கடைசியில் கிளார்க் விலகிவிட்டார். அப்புறம் அவர் யாசூ, இரேஷர் என்று வேறு குழுக்கள் வைத்துத் தனிக்கணக்கில் ஜெயித்தார், அது வேறு கதை. பாட்டு எழுதுகிறவர் முதல் ஆல்பத்தோடு போய்விட்டால் பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிடும். இவர்கள் கலையவில்லை. எழுதுகிற பொறுப்பைக் கோர் எடுத்துக்கொண்டார், பாட டேவ் கஹன் இருந்தார், 1982-ல் ஆலன் வைல்டர் வந்து சேர்ந்தார்.

ஃபிளெட்சர் சும்மா இருந்தார் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் வாயிலிருந்தேதான். 1988 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவில் பாசடீனா ரோஸ் பௌல் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் கூடிய கச்சேரியை ஒட்டி, டி.ஏ. பென்னிபேக்கர் உடனிருந்து எடுத்த '101' என்ற ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார்: மார்ட்டின் பாட்டு எழுதுகிறார், ஆலன் நல்ல வாத்தியக்காரர், டேவ் பாடுகிறார், நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று. தன்னடக்கமாகச் சொன்னதை நம் ஆட்கள் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

சரி, வைல்டர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 1995-ல் அவர் விலகும்போது, வேலைப்பளு சமமாக இல்லை, செய்த வேலைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று அறிக்கையிலேயே சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்டூடியோவில் ராப்பகலாக உட்கார்ந்தவர் அவர். 'என்ஜாய் தி சைலன்ஸ்' பாட்டை கோர் கொண்டுவந்தபோது அது ஹார்மோனியத்தில் மெதுவாகப் போகிற ஒன்று. வேகம் கூட்டி, தாளம் போடலாம் என்றவர் வைல்டர். கோருக்கு முதலில் அது பிடிக்கவேயில்லை. 1990-ல் 'வயலேட்டர்' ஆல்பத்தில் வந்தபோது அது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது. வைல்டர் போனபிறகு வந்த ஆல்பங்களில் அந்த அடுக்கடுக்கான ஒலி குறைந்துவிட்டது என்பதே என் கட்சி, இதில் யாரோடும் சமரசம் கிடையாது.

ஆனால் அந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1994-ல் மனநலம் கெட்டு ஃபிளெட்சர் டூரிலிருந்து பாதியில் வீடு திரும்பினார். 1995-ல் வைல்டர் போனார். 1996-ல் போதைமருந்து அளவு மிஞ்சி கஹனின் இதயம் இரண்டு நிமிடம் நின்றே போனது. இதற்குப் பிறகும் 1997-ல் 'அல்ட்ரா' என்று ஆல்பம் வருகிறது. கோரும் கஹனும் அவ்வளவாக ஒட்டாதவர்கள், நடுவில் இருந்தவர் கோரின் பள்ளித் தோழரான ஃபிளெட்சர். அவர் இல்லையென்றால் 'அல்ட்ரா'வும் இல்லை, அதற்குப் பிந்திய கால் நூற்றாண்டும் இல்லை என்று நான் நம்புகிறேன். 2022 மே 26 அன்று 60 வயதில் அவர் இறந்தார். அடுத்த வருடம் மற்ற இருவரும் 'மெமென்டோ மோரி' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது பட்டனுக்கு வருகிறேன், இது இந்தப் பக்கத்தில் பழைய சண்டை. கிதார் என்றால் வாத்தியம், மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் சிந்தசைசர் என்றால் மோசடி என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. 1982-ல் பிரிட்டனின் இசைக்கலைஞர்கள் சங்கத்தில் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடுக்கவேண்டும் என்று தீர்மானமே போட்டது. அங்கே பிழைப்பு போய்விடுமே என்ற பயமாவது இருந்தது, அதை நான் மதிக்கிறேன். இங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறவர்களுக்கு என்ன நஷ்டம்? 1983-ல் 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' ஆல்பத்துக்காக இவர்கள் லண்டனில் பாழடைந்து கிடந்த ரயில்வே இடத்தில் டேப் ரெக்கார்டரோடு அலைந்து, இரும்பையும் தகரத்தையும் தட்டித் தட்டிச் சத்தம் பிடித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கீபோர்டில் ஏற்றி அதிலிருந்து மெட்டு கட்டினார்கள். பட்டன் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்த ஆல்பத்தில் 'பைப்லைன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, முழுக்க இப்படிப் பிடித்த சத்தத்தால் ஆனது. அதைக் கேட்டுவிட்டு இது இசையில்லை என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே பதில் போடுகிறேன்.