சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து எழுத்துருவை மாற்றிய பின்னும் உடைந்து தெரிவது ஏன்?

பெயர்ப்பட்டியல் ஒன்றில் சிங்கள ‘ஸ்ரீ’ எல்லா இடங்களிலும் ஹல் குறி (நம் புள்ளி போன்றது) இட்ட ஶகரமாகவும் தனி ‘ரீ’யாகவும் பிரிந்து நிற்பதாகவும், எழுத்துருவை மாற்றியும் பயனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுத்துருவில் பிழை இருக்க வாய்ப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத குறியெண் ஒன்று பட்டியலிலிருந்து தொலைந்திருக்கிறது. இதே தவறை நானே ஒருமுறை செய்திருப்பதால் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் வழங்கும் ஒருங்குறியின் (யூனிகோட்) 3.0 பதிப்பில், 1999ஆம் ஆண்டு, சிங்களத்துக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பதின்ம எண்ணில் 3456 முதல் 3583 வரை. அவற்றுள் ‘ஸ்ரீ’ என்று தனி எழுத்து கிடையாது. ஶகரம் 3521, ஹல் குறி 3530, அகலமற்ற இணைப்பான் 8205, ரகரம் 3515, ஈகாரக் குறி 3539 ஆகிய ஐந்தும் இதே வரிசையில் வந்தால்தான் அந்த எழுத்து உருவாகும். நடுவில் நிற்கும் 8205தான் தொலைந்துபோன குறி; பக்கத்து எழுத்துகளை ஒட்டவைக்கும் அது சிங்களத் தொகுதியைச் சேர்ந்ததே அன்று. குடும்ப எமோஜியில் தாயையும் தந்தையையும் பிள்ளையையும் ஒட்டவைப்பதும் அதுவே.

நம் ‘ஸ்ரீ’க்கு இந்தத் தொல்லை இல்லை. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரம் என்று தட்டினால் எழுத்துருவே சேர்த்துக்கொள்ளும். தமிழில் அப்படிச் சேர்பவை ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுதான் என்பதால் அது போதுமானது. சிங்களத்திலோ ரகரம் முன்னெழுத்தின் அடியில் வளையும் ரகாராங்சய, யகரம் பக்கத்தில் ஒட்டும் யங்சய, ரகரம் தலைமேல் ஏறும் ரேபய என மூன்று வடிவங்கள் உள்ளன. அதே மெய்கள் சேராமல் நிற்கும் சொற்களும் உள்ளன. ‘சந்திர’ என்ற பெயரில் தகரமும் ரகரமும் சேர வேண்டும். ‘ஹென்றி’யில் னகரமும் ரகரமும் சேரக் கூடாது. ஆகவே, தேவநாகரியில் மெய்கள் சேர்வது இயல்பாக வைக்கப்பட்டிருக்க, சிங்களத்தில் சேராமல் நிற்பதே இயல்பு என்று கொண்டு, சேர வேண்டிய இடத்தில் இணைப்பானை இட வேண்டும் என்று வகுத்தார்கள். சிங்களத்துக்கான விஜேசேகர விசைப்பலகையில் ரகாராங்சயவுக்கும் யங்சயவுக்கும் தனி விசைகள் இருப்பதால், தட்டச்சு செய்பவருக்கு உள்ளே இணைப்பான் இருப்பதே தெரியாது. ஏற்பாடு நியாயமானதுதான்; ஆனால் நிரலாளர்கள் குப்பை என்று கருதும் ஒரு குறியிடம் எழுத்துக்கூட்டலை ஒப்படைத்தது, என் கருத்தில், கொஞ்சம் துணிச்சலான செயல்.

அந்த நிரலாளர்களில் நானும் ஒருவன். கொழும்பில் இரண்டு முகவரிப் பட்டியல்களை ஒன்றாக்கும் வேலையில், இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிப்பதற்காக, அகலமற்ற குறிகள் அனைத்தையும் நீக்கும் ஒரு வரியை எழுதி, தமிழ்ப் பெயர்களில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடைந்தேன். அச்சாகி வந்த உறைகளைப் பார்த்த சிங்கள நண்பர், தம் பெயர், எழுதப் பழகும் குழந்தை எழுதியது போலிருப்பதாகச் சொன்ன பிறகே தலையில் கைவைத்தேன்.

இணையத்தளங்களின் முகவரிப் பெயர்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. பன்மொழி இணையப் பெயர்களுக்கான 2003ஆம் ஆண்டு விதிகள் இணைப்பானை ஓசையின்றி அழித்துவிட்டன; 2010இல் வெளியான திருத்திய விதிகளே ஹல் குறியை அடுத்து வரும்போது அதை அனுமதித்தன.

உங்கள் நிரலில் 8203 (அகலமற்ற இடைவெளி), 65279 (கோப்பின் தொடக்கத்தில் வரும் அகலமற்ற குறி) ஆகியவற்றைத் தாராளமாக நீக்குங்கள். 8205க்கு முன்னரோ பின்னரோ 3530 இருந்தால் தொடாதீர்கள். 8205க்குப் பின்னர் 3530 வருவது பாளி நூல்களில் எழுத்துகளை ஒட்டி எழுதுவதற்கானது. ஒப்பிடுவதற்கு மட்டும் இணைப்பான் நீக்கிய பிரதியைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே விடுங்கள். கெட்டுப்போன பட்டியலுக்குப் பழைய காப்புப்பிரதி இருந்தால் அதிலிருந்து மீட்பதே நல்லது. இல்லாவிட்டால், ஹல் குறிக்குப் பின் ரகரமோ யகரமோ வரும் இடங்களில் இணைப்பானைச் சேர்த்துவிட்டு, ‘ஹென்றி’ போன்ற பெயர்களைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ரேபய இன்று கட்டாயமில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.