நீக்கியும் போகாத மைஎஸ்க்யூஎல்

கேள்வி: சார், உபுண்டு 22.04 லேப்டாப்ல ப்ராஜெக்டுக்காக மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ் சர்வர் போட்டேன். எல்லா அதிகாரமும் உள்ள யூசரான ரூட்டுக்கு என்ன பாஸ்வேர்டு அடிச்சாலும் உள்ள விடல. வெறுத்துப்போய் ஆப்ட் ரிமூவ் குடுத்துட்டு, மிச்சமிருந்த /ஈடிசி/மைஎஸ்க்யூஎல், /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் ரெண்டு ஃபோல்டரையும் ஆர்எம் போட்டு அழிச்சிட்டேன். இப்ப திரும்ப இன்ஸ்டால் பண்ணா பாதியில எரர் அடிச்சு நிக்குது. ஃபார்மட்தான் வழியா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: ஃபார்மட்லாம் வேணாம் தம்பி, பென் டிரைவை ஓரமா எடுத்து வைங்க.

ரிமூவ்னு குடுத்தா ப்ரோக்ராம் மட்டும்தான் போகும், கான்ஃபிக்னு சொல்ற செட்டிங்ஸ் ஃபைலெல்லாம் அப்படியே இருக்கும். பேக்கேஜ்களை ஏத்தி இறக்கற டிபிகேஜிங்கற கருவியில மைனஸ் எல் போட்டுப் பாருங்க, அந்த பேக்கேஜ் பேருக்கு முன்னாடி 'ஆர்சி'ன்னு நிக்கும், ஆள் போயாச்சு கான்ஃபிக் இருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்துல நீங்க கையால ஃபோல்டரை அழிச்சீங்கல்ல, டிபிகேஜி அதை என்னன்னு எடுத்துக்குதுன்னா, ஓனரே வேணும்னுதான் தூக்கியிருக்காரு, நாம திரும்ப வைக்கக் கூடாதுன்னு. அதனால மறுபடி இன்ஸ்டால் பண்ணும்போது அந்த ஃபைலை எழுதவே எழுதாது, சர்வர் கான்ஃபிக் இல்லாம ஸ்டார்ட் ஆக முடியாம விழுந்துடும். இது பக் இல்ல, உபுண்டுக்கு மூலமான டெபியன் குடும்பத்துல வேணும்னே வச்ச ஏற்பாடு. எனக்கு இது நல்ல ஏற்பாடாதான் படுது, நாம மாத்தின செட்டிங்ஸை அப்டேட் வந்து மிதிக்காம இருக்கறதே இதனாலதான்.

பண்ண வேண்டியது பர்ஜ், அதாவது செட்டிங்ஸோட சேர்த்து நீக்கறது. ஆனா மைஎஸ்க்யூஎல்-சர்வர்னு மட்டும் குடுத்தா வேலைக்கு ஆகாது, அது வெறும் பேருக்கு ஒரு பேக்கேஜ், நிஜமான சர்வர் மைஎஸ்க்யூஎல்-சர்வர்-8.0ங்கற பேர்ல இருக்கு. அதையும், கூடவே மைஎஸ்க்யூஎல்-காமனையும் சேர்த்து சூடோ ஆப்ட் பர்ஜ் போடுங்க. எண்டர் தட்டறதுக்கு முன்னாடி எதையெல்லாம் தூக்கப் போகுதுன்னு ஒரு லிஸ்ட் காட்டும், அதை தயவுசெஞ்சு படிங்க, ஏன்னா காமனை நம்பி வேற லைப்ரரி, அதை நம்பி வேற சாஃப்ட்வேர்னு சங்கிலியா இருக்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுல போயிடலாம். அப்படி ஏதாவது போகுதுன்னா நோ குடுத்துட்டு, ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்னு டிபிகேஜி ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, காணாமப் போன கான்ஃபிக்கை மட்டும் திரும்ப எழுதும், அதோட ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. பர்ஜ் பண்ணும்போது டேட்டாபேஸையும் அழிக்கவான்னு கேட்டா உங்க கேஸ்ல யெஸ் குடுக்கலாம், அழிக்க மிச்சம் ஒண்ணும் இல்ல. மத்தவங்க பர்ஜ் பண்றதுக்கு முன்னாடியே மைஎஸ்க்யூஎல்டம்ப்ங்கற கமாண்டுல ஆல்-டேட்டாபேஸஸ் போட்டு ஒரு காப்பி (டம்ப்) எடுத்து வச்சுட்டு அப்புறம் யெஸ் சொல்லுங்க.

அப்புறம், முதல்ல வந்த பிரச்சினைக்கு இவ்வளவும் தேவையே இல்ல. உபுண்டுல டேட்டாபேஸ் ரூட் பாஸ்வேர்டு பார்க்காது, சிஸ்டத்துல நீங்க ரூட்டான்னுதான் பார்க்கும். சூடோ மைஎஸ்க்யூஎல்னு அடிச்சா நேரா உள்ள. உள்ள போய் ப்ராஜெக்டுக்குத் தனியா ஒரு யூசர் பண்ணி அவனுக்கு பாஸ்வேர்டு வச்சுக்கங்க, ரூட்டைத் தொடாதீங்க.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 8.0ஐ எடுத்துட்டு மரியாடிபி போட்டா பழைய டேட்டா அப்படியே வருமா?
– அலுவலக நிர்வாகி, ஈரோடு

பதில்: வராது. ரெண்டும் ஒரே /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரைத்தான் பயன்படுத்துது, அதனால வரும்னு நிறைய பேர் நம்பிடறாங்க. 2009ல ஆரக்கிள் கைக்கு மைஎஸ்க்யூஎல் போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கின மான்ட்டி வைடனியஸே பிரிச்சு ஆரம்பிச்சது மரியாடிபி, ஆரம்பத்துல அச்சு அசலா ஒண்ணாதான் இருந்துச்சு. டெபியன் 9லேர்ந்து, அதாவது 2017லேர்ந்து, டீஃபால்ட்டா வர்றதும் மரியாடிபிதான். ஆனா மைஎஸ்க்யூஎல் 8.0ல உள்ளுக்குள்ள டேட்டாவை எழுதி வைக்கற முறையே மாறிடுச்சு, அந்த ஃபைலை மரியாடிபியால படிக்க முடியாது. உங்க ஆபீஸ் டேட்டாபேஸ்களை மட்டும் டம்ப் எடுத்து, புதுசுல ஏத்துங்க. 'மைஎஸ்க்யூஎல்'ங்கற பேர்லயே இருக்கற சிஸ்டம் டேட்டாபேஸை ஏத்தாதீங்க, யூசர்களைப் புதுசா உருவாக்கிக்கங்க. ஏத்தும்போது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தற விதி) எரர் வந்தா டம்ப் ஃபைல்ல 0900ன்னு தேடி, அந்த கொலேஷன் பேரை மாத்திட்டு திரும்ப ஓட்டுங்க.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட புது வெர்ஷன் போட்டேன், பழைய டேபிள் ஒண்ணையும் காணோம்!
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பத்திரமா இருக்கு. ரெண்டு வெர்ஷனும் பக்கத்துல பக்கத்துல ஓடுது, பழசு 5432 போர்ட்ல, புதுசு 5433ல. பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்ங்கற கமாண்டு போட்டா ரெண்டும் தெரியும். டேட்டாவைப் புதுசுக்கு மாத்தி சரிபார்க்கற வரைக்கும் பழசை பர்ஜ் பண்ணிடாதீங்க.