சமையல் மேடைக் கல் வாங்கும் முன் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வையுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 2007 ஞாபகம் வந்துவிட்டது. சிட்னி வந்து இரண்டு வருடம், மார்ஸ்டன் பார்க்கில் வீடு கட்டுகிறோம், சமையல் மேடைக்கு என்ன கல் என்று பில்டர் கேட்கிறார், மனைவிக்கு வெள்ளைப் பளிங்கு மேல் ஆசை, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பக்கத்தில் எந்தப் பள்ளி நல்லது, புது கார் வாங்கலாமா, புதிதாக வந்திருக்கும் மைத்துனருக்கு ஒரு கல் பட்டறையில் வேலை தருகிறார்கள், அனுப்பலாமா என்றும். பள்ளியும் காரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லை நான் சொல்கிறேன். இந்த ஊரில் என் முதல் சம்பளமே கல் பட்டறையில் வாங்கியதுதான்.

பளிங்கு வேண்டாம். நம் சமையலுக்கு அது ஒத்துவராது. பளிங்கு என்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. புளித்தண்ணீர், எலுமிச்சை, தக்காளி, தயிர், எது சிந்தினாலும் அந்த இடத்தின் பளபளப்பை அரித்துவிடும். அது கறை இல்லை, தேய்த்துப் போக்குவதற்கு. கல்லே கரைந்து போயிருக்கும், திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். ஊரில் பாட்டி வீட்டுக் கடப்பாக்கல் மேடையில் புளி கரைக்கும் இடம் மட்டும் வெளுத்துக் கிடக்குமே, அதே கதைதான். கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான். 'சீலர் அடித்துக் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகாது' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சீலர் என்பது கல்மேல் தடவும் காப்புத் திரவம். கல்லின் நுண்துளைகளில் எண்ணெயும் தண்ணீரும் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். புளிப்பு அரிப்பதை அது தடுக்காது.

இங்கே நம் ஆட்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று வெள்ளைப் பளிங்கு போடுவார்கள். அப்புறம் அதில் மஞ்சள் படக்கூடாது என்று பின்னால் 'ஸ்பைஸ் கிச்சன்' ஒன்று கட்டி, ஜன்னல்கூடச் சரியாக இல்லாத அந்த இடுக்கில் வீட்டுப் பெண்கள் நின்று சமைக்கிறார்கள். முன்னால் இருக்கும் பெரிய மேடையில் ஒரு பழக்கூடை மட்டும் இருக்கும். இத்தனை பணம் கொடுத்து வாங்கிய கல்மேல் ஒரு சப்பாத்தி தேய்க்க முடியவில்லை என்றால் அதை எதற்கு வாங்க வேண்டும்?

கிரானைட் போடுங்கள். சமையலறைப் புளிப்பு எதுவும் அதைத் தொடாது, கத்தி கீறாது, கிரைண்டரை இழுத்து வைத்தாலும் தாங்கும். ஆனால் கிரானைட் என்று விற்பதெல்லாம் ஒரே மாதிரி கல் இல்லை. 'காஷ்மீர் ஒயிட்' என்று ஒன்று காட்டுவார்கள். பெயரில்தான் காஷ்மீர், கல் நம் மதுரைப் பக்கத்துக் கல். அழகாக இருக்கும், ஆனால் எண்ணெயைக் குடிக்கும். அடுப்புப் பக்கம் அதைப் போட்டால் தாளிப்பு தெறித்த இடமெல்லாம் கருத்துப்போகும். கறுப்புக் கற்கள் பொதுவாக நெருக்கமானவை, கறை இறங்காது. ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் 'பிளாக் கேலக்ஸி' நல்ல கல். மட்டமான சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்துத் தேய்த்தால் சாயம் பஞ்சில் வந்துவிடும். 'சூப்பர் ஒயிட்' என்பதைக் குவார்ட்சைட், அதாவது புளிப்புக்கு அசையாத கெட்டிக் கல், என்று சொல்லி விற்பார்கள். அது பெரும்பாலும் டோலமைட், பளிங்குக்கு உறவுக்காரக் கல், எலுமிச்சைக்கு அதுவும் மங்கும்.

அதனால் பெயரை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கப்போகிற ஸ்லாபிலேயே, அதாவது அந்தப் பெரிய கல் பலகையிலேயே, வெட்டிய ஒரு துண்டைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு பத்து நிமிடம், இன்னொரு மூலையில் நல்லெண்ணெய் ஒரு ராத்திரி. காலையில் துடைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். துண்டைப் பார்த்துப் பிடித்துப்போனாலும், உங்கள் வீட்டுக்கு வரப்போகிற முழு ஸ்லாபை நேரில் பார்த்து, இரண்டு துண்டு சேரும் ஒட்டு எங்கே விழும் என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, போதும். எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விடுங்கள், உறிஞ்சி எடுக்கும். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடி அப்புங்கள். கல்லில் தண்ணீர் விட்டுப் பத்து பதினைந்து நிமிடத்தில் அந்த இடம் கருத்தால் திரும்ப சீலர் அடிக்கும் நேரம். குளியலறையில் பளிங்கோ, டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லோ இருந்தால் வினிகர், ஆசிட் இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஊர்ப் பழக்கத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவி, ஒரே நாளில் தரையைப் பாழாக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி மைத்துனர் விஷயம். கல் தூளைப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கைக் கல் மேடைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது, தெரிந்திருக்கும். அதில் சிலிக்கா பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல். வெட்டும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆகிறது. வந்தால் குணமாகாத நோய் அது. தடைதான் வந்துவிட்டதே, இனி பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கிரானைட்டிலும் 20 முதல் 45 சதவீதம் சிலிக்கா உண்டு. மேடையாக வீட்டில் இருக்கும் கல்லால் ஒன்றும் இல்லை, வெட்டும் தூசிதான் ஆபத்து. தண்ணீர் விட்டு வெட்டுகிறார்களா, தூசியை உறிஞ்சும் கருவி இருக்கிறதா, முகத்துக்கு அளவு பார்த்து மாஸ்க் தருகிறார்களா என்று மைத்துனர் நேரில் போய்ப் பார்க்கட்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். உங்கள் வீட்டில் சிங்க்குக்கு ஓட்டை போட வருகிறவர் தண்ணீர் இல்லாமல் கல் வெட்டும் கிரைண்டரை எடுத்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் சேர்ந்த பட்டறையில் அதெல்லாம் யாரும் சொல்லவில்லை. செயற்கைக் கல்லை உலர்வாகவே வெட்டுவோம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் மூடியிலிருக்கும் வெள்ளைத் தூசியை ஊதிவிடுவோம். பக்கத்து மேசையில் நின்ற வியட்நாம்காரர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், இப்போது நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். நான் இரண்டே வருடத்தில் அளவெடுக்கும் வேலைக்கு மாறிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முகம்தான் வரும்.

ஆனாலும் அந்த இடத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. என் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், குவாரி வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். சேர்ந்த முதல் வாரம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கறுப்புக் கல் வந்து இறங்கியது. ஒரு ஸ்லாபின் ஓரத்தில் யாரோ சாக்கட்டியால் 'இந்தப் பக்கம் விரிசல்' என்று தமிழில் எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது. அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு வெட்டினோம்.